முதுமையின் சுதந்திரம்

(சிதம்பரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதியோரைப் பேணுதல் என்னும் பொருள் பரந்தது. அதை முழுதும் எடுத்துக்கொண்டால் ஒரு மாலைப் பொழுது போதாது. ஆகவே, தம்முடைய வீட்டிலேயே இருந்து மூப்படைகின்ற பெரியவர்களுக்கு அரசும் ஊரும் குடும்பமும் செய்கின்ற பணிவிடைகளை எவ்விதம் வகுத்தால் அவை அவர்களுடைய உடம்பைக் காப்பதோடு நின்றுவிடாமல் அவர்களுடைய சுதந்திரத்தையும் காக்கும் என்ற ஒரே கேள்விக்குள் என் பேச்சை அடக்கிக்கொள்ள விரும்புகிறேன். முதியோர் இல்லங்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. நாதியற்றவர்களுக்கு அவை அவசியமானவை. ஆயினும் நம் நாட்டில் பெரும்பாலான முதியவர்கள் தாம் வாழ்ந்த தெருவிலேயே, தமக்குப் பழகிய கிணற்றடியும் வேப்பமர நிழலும் அண்டை வீட்டுக் குரலும் உள்ள இடத்திலேயே கடைசிவரை இருக்க விரும்புகிறார்கள். அப்படியே இருந்தும் வருகிறார்கள். அந்த விருப்பத்துக்குத் தகுந்த ஏற்பாடு நம்மிடம் உண்டா என்பதே விஷயம்.

இந்தக் கடலூர் மாவட்டத்தில் முதுமையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவன் அப்பரடிகளை நினையாமல் தொடங்க முடியாது. பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்து, திருவதிகையில் தமக்கையார் திலகவதியாரின் ஆதரவில் சூலைநோய் நீங்கப்பெற்று, கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்டும் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்று தில்லையில் அரங்கேறிய பெரியபுராணம் போற்றுகின்ற அப்பெரியவர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. வயதில் மிக இளையவரான சம்பந்தர் அவரை அப்பரே என்று அழைத்தார். சென்ற ஊரெல்லாம் அடியார் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. அத்தனை கௌரவத்துக்கு நடுவிலும், திருப்புகலூரில் கழிந்த கடைசி நாட்களிலும், கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரப் படை அவர் கையில் இருந்தது. ‘தங்களுக்குத் தள்ளாமை வந்துவிட்டது, இந்தப் புல்லை நாங்கள் செதுக்கிக்கொள்கிறோம், தாங்கள் நிழலில் அமர்ந்திருங்கள்’ என்று சொல்லி ஒருவரும் அக்கருவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டதாகப் புராணம் கூறவில்லை. மரியாதையும் வேலையும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. இக்காலத்தில் நாம் மரியாதை என்ற பெயராலேயே வேலையைப் பறித்துக்கொள்கிறோம். முதுமையின் முதல் துக்கம் அங்கேதான் ஆரம்பமாகிறது என்பது என் அபிப்பிராயம்.

நம் ராஜ்யம் இத்துறையில் வெறுங்கையோடு நிற்கவில்லை என்பதை நன்றியுடன் சொல்ல வேண்டும். 1962ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியில், மாதம் 20 ரூபாய் என்ற அளவில், ஆதரவற்ற முதியோர்க்கான உதவித்தொகை இங்கே தொடங்கியது; 2023இல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ஆரம்பிக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளையும், இயன்முறைச் சிகிச்சையையும், தீரா நோயினர்க்கான ஆதரவு சிகிச்சையையும் வீட்டு வாயிலுக்கே கொண்டு செல்கிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டிலேயே கொடுக்கிறது. வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகின்ற இந்தப் பூமியில், பசித்தவனைத் தேடிச் சென்று உபகரிப்பது புதிய தர்மமன்று. அந்தத் தர்மம் சர்க்காரின் சட்டதிட்டங்களுக்குள்ளும் புகுந்திருப்பது நமக்குப் பெருமையே.

இதன் அவசியமும் ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031இல் அது 18.2 ஆகும் என்பது கணிப்பு. கேரளத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் மூப்பு மிகுந்த பெரிய ராஜ்யம் நம்முடையதுதான்.

இத்தனையும் சொன்ன பிறகு குறையையும் சொல்ல வேண்டும். மாத்திரை வருகிறது, அரிசி வருகிறது, பணம் வருகிறது. அவை எந்நாளில், எந்நேரத்தில், யார் கையில் வர வேண்டும் என்பதையும், அவற்றுக்கு மேல் தமக்கு உண்மையில் தேவைப்படுவது எது என்பதையும், பெறுகிறவரைக் கேட்டு வகுத்த ஏற்பாடு மிகச் சொற்பம். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறோம்; அந்தப் பெயருக்கு உரியவர் காலையில் எழுந்து என்ன செய்ய ஆசைப்படுகிறார் என்பதைப் பார்க்கிறோமில்லை.

தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ மீன் கூடை சுமந்து நாற்பது ஆண்டு காலம் தெருத் தெருவாக விற்று, நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு மூதாட்டியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்து வலக்கை தளர்ந்துவிட்டது, பேச்சு குழறுகிறது, புத்தி தெளிவாக இருக்கிறது. மருமகள் நல்லவள், சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறாள். மகன் நல்லவன், கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வருகின்ற இயன்முறைக்காரரும் நல்லவர். கையை இத்தனை முறை மடக்கு, இத்தனை முறை நீட்டு என்று சொல்லித் தந்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று போய்விடுகிறார். மூவரும் நல்லவர்கள், மூவரும் தத்தம் கடமையைச் செய்கிறார்கள். ஆனாலும் அந்த அம்மாள் நாளுக்கு நாள் சுருங்கிப் போகிறார். காரணம் என்ன? அந்தக் கை எதற்காக மடங்கி நீள வேண்டும் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து நாலு மத்தியைச் செதிள் நீக்கி ஆய்ந்து கொடுக்க வேண்டும் என்பார். தாமே ஒரு சொம்பு நீர் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பார். அந்தி சாயும் நேரத்தில் வலை உலர்த்துகிற இடம் வரையில் நடந்துபோய், கரையேறுகிற படகுகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பார்.

இந்த மூன்று ஆசைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவற்றிலிருந்து சிகிச்சையை ஆரம்பித்தால் எல்லாமே மாறிவிடும். இடக்கையால் மீனைப் பிடித்து வலக்கையால் செதிளைத் தள்ளுவதே அவருக்குப் பயிற்சி. மடக்கி நீட்டு என்றால் சலித்துப்போகிற கை, குழம்புக்கு மீன் ஆய வேண்டும் என்றால் சலிக்காது. உணவை ஊட்டுவதற்குப் பதிலாக, கனமான கைப்பிடி உள்ள கரண்டியை இடக்கையில் கொடுத்துவிட்டு, முதல் சில நாட்கள் சிந்துவதைப் பொறுத்துக்கொள்ள மருமகளுக்குச் சொல்லித் தர வேண்டும். இது ஊட்டிவிடுவதைவிடச் சிரமமான காரியம். நேரமும் அதிகம் பிடிக்கும். பார்க்கிற அக்கம்பக்கத்தார், கிழவியைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று மருமகளை ஏசவும் கூடும். ஆகவே குடும்பத்துக்கு மட்டுமன்றித் தெருவுக்கும் இதன் நியாயத்தைச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

டென்மார்க்கில் பிரடெரிசியா என்னும் ஊரார் 2008 முதல் இந்த வழியையே கைக்கொண்டார்கள். உதவி கேட்டு வருகிற முதியவரிடம், உங்களுக்கு எதையெல்லாம் நாங்கள் செய்து தர வேண்டும் என்று கேட்பதை விடுத்து, எதையெல்லாம் நீங்கள் மறுபடியும் செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். 2015இல் அத்தேசத்துச் சட்டமே அவ்வழியைத் தழுவிக்கொண்டது. ஜப்பான் 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக்கென ஒரு காப்பீட்டை ஏற்படுத்தி, நாற்பது வயது தொடங்கிய அனைவரையும் சந்தா செலுத்தச் செய்தது. ஆதலால் அங்கே முதியவர் பெறுகிற பணிவிடை இரந்து பெறுவதாகாமல் உரிமையோடு பெறுவதாகிறது. அவ்வளவு செல்வம் நம்மிடம் இல்லையே என்பீர்கள். கேரளம் நமக்கு அண்டை வீடு. அவர்கள் செல்வம் நம்முடையதை ஒத்ததுதான். அங்கே 2008இல் ஆதரவு சிகிச்சைக்கென்று ஒரு கொள்கையை வகுத்து அதைப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விட்டார்கள். ஊர்த் தொண்டர்களும் செவிலியரும் சேர்ந்து வீடு வீடாகச் செல்கிறார்கள்.

வீட்டின் அமைப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் கிராமங்களில் கழிப்பறை பெரும்பாலும் கொல்லைப்புறத்தில், வீட்டுக்குத் தூரமாக, இரண்டு மூன்று படி ஏறி இறங்குகிற இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. இரவில் அங்கே தனியாகப் போகப் பயந்து, மாலை நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிற பாட்டிமார் நம்மில் ஏராளம். அதனால் வருகிற மயக்கத்துக்கும் நீர்க்கடுப்புக்கும் மலச்சிக்கலுக்கும் மாத்திரை கொடுக்கிறோம். படியோரம் ஓர் இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பதித்து, வழியில் ஒரு விளக்கைப் போட்டு, குந்த முடியாதவர்களுக்கு ஒரு கமோடு நாற்காலியும் வாங்கி வைத்தால், அவற்றில் பல மாத்திரைகளுக்கு வேலையில்லை. எந்த இடத்தில் எந்த உயரத்தில் கைப்பிடி வேண்டும் என்பதைப் பொறியியல் படித்தவரைவிடத் தினமும் தடுமாறுகிறவரே நன்கு அறிவார். அவரை நடக்கச் சொல்லி, அவர் கை எங்கே சுவரைத் தேடுகிறதோ அங்கே பதிக்க வேண்டும்.

இனிப் பணத்தைப் பற்றிய விஷயம். இதைப் பேசுவதற்குச் சங்கோசமாக இருந்தாலும் பேசாதிருப்பது தவறு. வங்கியின் முகவர் வீட்டுக்கு வந்து, சிறு கருவியில் விரலை வைக்கச் சொல்லி, உதவித்தொகையைக் கையில் தருகிறார். நாற்று நட்டும் முந்திரி உடைத்தும் வலை இழுத்தும் தேய்ந்த விரல்களில் ரேகை விழுவதில்லை. உழைத்ததனாலேயே அடையாளம் அழிந்துபோன அந்தக் கைகளுக்கு, மறுநாள் வா, மறுவாரம் பார்க்கலாம் என்று சொல்லும் ஏற்பாட்டை நாம் சகித்துக்கொள்ளலாகாது. விழிரேகைக்கோ வேறு அத்தாட்சிக்கோ அன்றைக்கே வழியிருக்க வேண்டும். பணம் கைக்கு வந்த பிறகும் அது அவர் கையில் தங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வெற்றிலை பாக்குக்கும் பேரப்பிள்ளை கையில் வைக்கிற பத்து ரூபாய்க்கும் மற்றவரைக் கேட்டு நிற்க வேண்டியவரிடம், உங்களை நன்றாகத்தானே வைத்திருக்கிறோம் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்குக் கையேந்துகிற அவலமும் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் பலர் பெயரளவில் கேட்டிருக்கிறார்கள். அதன் வழியைத் தெரிந்துகொண்டவர்கள் சிலரே. வருவாய்க் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில், வழக்கறிஞர் இல்லாமலே மனுக் கொடுக்கலாம். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரையில் பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. பராமரிப்பதாக நிபந்தனையிட்டு எழுதிய தான செட்டில்மென்டை, நிபந்தனை மீறப்பட்டால் செல்லாததாக அறிவிக்கவும் இடமுண்டு. மேல்முறையீடு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகும். ஆனால் கட்டிலோடு கிடக்கிறவர் கோட்டாட்சியர் அலுவலகத்துப் படியேறுவது எப்படி? அவரிடம் தனிமையில் இரண்டு நிமிஷம் பேசக்கூடிய ஒருவர் அவர் வீட்டுக்கு வந்தாக வேண்டும். மருந்து கொண்டு வருகிற பெண்மணியே அந்த ஒருவராக இருக்க முடியும்.

அந்தப் பெண்மணியைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை, எந்த வீட்டில் தாத்தா மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கிறார், எந்த வீட்டில் மகன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பியும் அது அடுப்பங்கரையை எட்டவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குப் பிரத்தியட்சமாகத் தெரியும். அவ்வளவு அறிவையும் இரத்தக் கொதிப்பின் எண்ணிக்கையாகச் சுருக்கி ஒரு கைப்பேசிக்குள் பதிவு செய்யச் சொல்லிவிட்டு, மற்றதை நாம் கேட்பதில்லை. முழுநேர ஊழியரைப் போல அவர்களிடம் வேலை வாங்குகிற சமூகம், ஊதியத்தை ஊக்கத்தொகையாகக் கொடுத்துவிட்டுத் திருப்தியடைவது நியாயமாகாது. அவர்களுக்கு முறையான சம்பளம் வேண்டும். ஒரு வீட்டில் அரைமணி நேரமாவது உட்கார்ந்து பேச அவகாசம் வேண்டும். இந்த மூதாட்டிக்கு மாத்திரையைவிடக் கைப்பிடிதான் முதலில் தேவை என்று தீர்மானிக்கும் அதிகாரமும், அதைச் செய்து முடிக்கச் சிறுதொகையும் வேண்டும். தமக்கே அதிகாரம் இல்லாத ஒருவர் மற்றொருவரைச் சுதந்திரராக்க முடியாது.

வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிற மகளும் மருமகளும் மனைவியும் நம் கணக்கில் வருவதே இல்லை. இரவு நாலு முறை எழுந்து, படுக்கை மாற்றி, விடிந்ததும் அடுப்பு மூட்டுகிற அவர்களுக்கு மாதத்தில் சில நாட்களாவது ஓய்வு கிடைக்க, ஊரில் பழக்கப்பட்ட ஓர் ஆயாவை அனுப்பும் ஏற்பாடு அவசியம். பார்த்துக்கொள்கிறவளின் உடம்பு முறிந்தால் பார்க்கப்படுகிறவரின் நிலை என்னவாகும்?

முதியோர் தாமே காரியத்தை நடத்த வல்லவர்கள் என்பதற்கு இம்மாவட்டத்தில் சான்றுண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி இக்கரையில் அறுநூறுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. பிள்ளைகளைப் பறிகொடுத்துத் தனித்து நின்ற பெரியவர்களுக்காக ஹெல்ப்ஏஜ் இந்தியா நிறுவனம் கடலூருக்கருகே தாமரைக்குளம் என்ற முதியோர் கிராமத்தை அமைத்தது. அதே நிறுவனம் கடலூர், நாகப்பட்டினம் கரையோர ஊர்களில் முதியோர் சுயஉதவிக் குழுக்களையும் தோற்றுவித்தது. அறுபதும் எழுபதும் கடந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, சேமிப்புப் போட்டு, கடன் கொடுத்து வாங்கி, தம்மினும் மெலிந்தவர்களின் குறையைக் கூடிப் பேசுவது, நிவாரணப் பொருளுக்காக வரிசையில் நிற்பதிலும் எத்தனையோ மேலானது. வீட்டுப் பணிவிடைகளை ஒவ்வோர் ஊரிலும் மேற்பார்க்க இத்தகைய குழு ஒன்று இருக்குமானால், குறை கேட்கும் பெட்டியும் தொலைபேசி எண்ணும் சாதிக்காததை அது சாதிக்கும்.

நம் கரைக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015இன் வெள்ளத்தையும் நாம் மறக்கவில்லை. புயல் அறிவிப்பு வந்ததும் அதிகாரிகள் ஜீப்பில் வந்து புறப்படச் சொல்ல, கிள்ளைப் பக்கத்துக் குப்பங்களிலும் கொள்ளிடக்கரை ஊர்களிலும் வயதானவர்கள் மறுத்துவிடுவது வழக்கம். பிடிவாதம் என்று நாம் சொல்கிறோம். விசாரித்துப் பார்த்தால், ஆட்டை விட்டுவிட்டு வர மனமில்லை என்பார் ஒருவர். பள்ளிக்கூடத்து முகாமில் குந்துகிற கழிப்பறைதான் இருக்கும், அத்தனை பேர் நடுவில் நான் அவமானப்பட முடியாது என்பார் மற்றொருவர். இரண்டும் நியாயமான காரணங்களே. ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே, வீடு வீடாகப் போய், அவசரம் வந்தால் எங்கே போக விரும்புகிறீர்கள், எதைக் கையோடு கொண்டுவர வேண்டும், ஆட்டை யார் பார்ப்பது என்று கேட்டு எழுதி வைத்துவிட்டால், புயலன்று வாக்குவாதத்துக்கு இடமிருக்காது. இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகம்.

சிதம்பரத்து மக்களுக்கு ஒரு விசேஷப் பொறுப்பிருக்கிறது. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. அதன் மருத்துவக் கல்லூரியாக இருந்தது இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக நடைபெறுகிறது. செவிலியம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே டாக்டர் வி. எஸ். நடராசன் அவர்கள் முதியோர் மருத்துவத்துக்கு வழி திறந்தார். அந்த வழி இந்தத் தேர்வீதிகளின் சந்துபொந்துகளுக்குள்ளும் வர வேண்டும். செவிலியம் படிக்கும் மாணவி ஒவ்வொருத்தியும் ஒரே ஒரு முதியவருடைய வீட்டுக்கு ஓராண்டு தொடர்ந்து போய்வர வேண்டும் என்றும், அவள் தேறினாளா என்பதில் அம்முதியவருடைய வார்த்தைக்கும் இடமுண்டு என்றும் ஒரு விதி செய்தால், படிப்பும் வளரும், பெரியவர்களுக்குப் பேச்சுத் துணையும் கிடைக்கும்.

நான் உங்களிடம் வேண்டுவது ஒன்று. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. நகரங்களிலும் பகுதி சபைகள் ஏற்பட்டிருக்கின்றன. அடுத்த சபைக்கு உங்கள் தெருவிலுள்ள பெரியவர்களை அழைத்து வாருங்கள். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி வாருங்கள். வரவே இயலாதவர்களிடம் போய், வீட்டுக்கு வருகிற உதவி எந்த நேரத்தில் யாரால் எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வந்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள்.